அரசாங்கத்தின் பேரில் ஒரு தனிமனிதர் போட்ட வழக்கு

மருந்து விலை பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "கம்பெனியைக் காட்டிக் கொடுத்தவருக்குக் கோடிக்கணக்கில் பணமா? இது நேர்மையா, வியாபாரமா?" ரான்பாக்ஸி விவகாரத்தை முதல்ல படிச்சப்போ எனக்கும் இதே சந்தேகம்தான் வந்தது. இன்னைக்கு அதைப் பேசலாம்.

தினேஷ் தாக்கூர் 2003-இல் ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்துல சேர்ந்தார். அடுத்த வருஷம் மேலதிகாரி அவர்கிட்ட ஒரு வேலை கொடுத்தார்: பல நாடுகளுக்கு நாம கொடுத்திருக்கிற சோதனை விவரங்கள் எல்லாம் உண்மையான்னு பாருங்க. தோண்டத் தோண்ட, ஜோடிச்ச விவரங்களா வெளியே வந்தது. 2005-இல் வேலையை விட்டார். வேற ஒரு பேர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ-வுக்கு எழுதினார். 2007-இல் மேரிலாந்து ஃபெடரல் நீதிமன்றத்துல வழக்கும் போட்டார்.

அவர் என்னன்னு வழக்குப் போட்டார் என்பதைக் கொஞ்சம் கவனிங்க. மருந்து சரியில்லைன்னு மட்டும் இல்லை. அந்த மருந்துக்கு அரசாங்கத்துகிட்டேர்ந்து பணம் வாங்கியிருக்காங்க, அதனால அது பொய் பில். அமெரிக்காவுல ஏழைகள், முதியவர்களோட மருந்துச் செலவுல பெரும்பங்கை அரசாங்கத் திட்டங்கள்தான் கட்டுது. பில் பொய்யின்னா, ஏமாந்தது அரசாங்கம்.

இதுக்கான சட்டம் 1863-இல் வந்தது. பொய்க் கோரிக்கைச் சட்டம்னு சொல்லலாம். உள்நாட்டுப் போர் நேரத்துல ராணுவத்துக்குச் சரக்கு கொடுத்த கான்ட்ராக்டர்கள் மோசடி பண்ணினாங்க. அதைத் தடுக்க லிங்கன் காலத்துல போட்ட சட்டம். 1986-இல் அதுக்கு மறுபடி பல் முளைச்சது. நஷ்டத்தைப் போல மூணு மடங்கு வசூல் பண்ணலாம். வழக்குப் போட்டவருக்கும் பங்கு உண்டு. அரசாங்கம் வழக்கைத் தானே ஏற்று நடத்தினா 15-லேர்ந்து 25 சதவீதம். ஏற்காம அவரே நடத்தி ஜெயிச்சா 25-லேர்ந்து 30 சதவீதம்.

ஆனா ஒரு நிபந்தனை. வழக்கு மூடி முத்திரையிட்டபடி இருக்கணும். சட்டப்படி 60 நாள். அதுக்குள்ள அரசாங்கம் விசாரிச்சு, சேரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். நடைமுறையில அவகாசம் கேட்டுக் கேட்டு வருஷக்கணக்கா இழுக்கும். அதுவரைக்கும் வழக்குப் போட்டவர் அதைப் பத்தி வெளியே மூச்சு விடக்கூடாது. வேலையை விட்டு வந்த ஒரு மனுஷன், வீட்டுல குழந்தைகள், என்ன பண்றீங்கன்னு கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. இப்படியே ஆறு வருஷம்.

2013 மே மாசம் முடிவு வந்தது. ரான்பாக்ஸியோட அமெரிக்கக் கிளை ஏழு குற்றங்களை ஒப்புக்கொண்டது. மொத்தம் 50 கோடி டாலர். அதுல 15 கோடி குற்ற வழக்குக்கான அபராதமும் பறிமுதலும், 35 கோடி சிவில் வழக்குக்கு. தாக்கூருக்குச் சுமார் 4.86 கோடி டாலர். நம்ம நேயர் சொன்ன பணம் இதுதான். அரசாங்கத்தோட சொந்தப் பணத்துலேர்ந்து கொடுத்தது இல்லை. அவர் வாயைத் திறக்கலைன்னா வந்திருக்குமான்னே தெரியாத தொகையில ஒரு பங்கு.

இப்போ நம்ம பக்கம் வருவோம். பிரச்சினைக்குள்ளான தொழிற்சாலைகள் பாவோண்டா சாஹிப், தேவாஸ். ரெண்டும் இந்தியாவுல இருக்கு. வழக்கு நடந்தது மட்டும் அமெரிக்காவுல. இங்கே வரி ஏய்ப்பைப் பத்தித் துப்புக் கொடுத்தா வெகுமதி உண்டு. அது துப்பு மட்டும்தான். அரசாங்கத்தின் பேர்ல நீங்களே வழக்குப் போட்டுப் பங்கு வாங்குற சட்டம் நம்மகிட்ட இல்லை. தங்க நாற்கரச் சாலைத் திட்ட ஊழலைப் பத்திப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதின பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பேரை வெளியிட வேண்டாம்னு கேட்டிருந்தார். பேர் கசிஞ்சது. 2003 நவம்பர்ல கயாவுல சுட்டுக் கொன்னாங்க. புகார் கொடுக்கிறவங்களைப் பாதுகாக்க 2014-இல் ஒரு சட்டம் நிறைவேறினது. அதை நடைமுறைக்குக் கொண்டு வரலை.

என் சொந்த விஷயம் ஒண்ணு. இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு அலுவலகத்துல கணக்கு எழுதிட்டிருந்தேன். வந்து இறங்காத சிமெண்ட் மூட்டைகளுக்கு ஒரு அரசு பில் என் மேஜைக்கு வந்தது. நான் பதிவு பண்ணி அனுப்பிட்டேன். அது கோழைத்தனம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு யார்கிட்ட போறது, போனா வேலையும் உயிரும் மிஞ்சுமான்னு எனக்குச் சொல்ல ஒரு சட்டமும் இல்லை.

அதனால நேயருக்கு என் பதில் இதுதான்: அந்தப் பணம் நேர்மைக்குக் கொடுத்த விலை இல்லைங்க. நேர்மையா இருக்கிறவர் அதுவரைக்கும் பட்டினி கிடக்காம இருக்க ஒரு வழி. உங்களுக்கு வேற கருத்து இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறேன்.