மலையேறும் வலிமையும் மோதலில் உயிர்காப்பும்

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே ஒரு பண்ணைக் குடும்பம் பிக்கப் வாகனம் ஒன்றை வாங்க விரும்புகின்றதென வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஒருநாள் அது சேற்றையும் பாறையையும் கடக்கவேண்டும். ஏனைய ஆறு நாட்களும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையிலே விரையவேண்டும். விற்பனைக்காரர் முதல் நாளின் திறமையையே பெரிதாக எடுத்துக்காட்டுவார். குடும்பத்தின் உயிரோ மற்றை ஆறு நாட்களின் கையில் இருக்கின்றது. இவ்விரண்டு தேவைகளையும் ஒரே வாகனம் எவ்வளவுக்கு நிறைவேற்ற வல்லது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கரடுமுரடான நிலத்தைக் கடக்கும் ஆற்றல் எஞ்சினின் வலிமையால் மாத்திரம் அமைவதன்று. முதலாவது, வாகனத்தின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்கின்றது என்பது. இரண்டாவது, முன்மூக்குத் தட்டாமல் எவ்வளவு செங்குத்தான மேட்டிலே ஏறலாம் என்பது. இதனை அணுகு கோணம் என்பர். மூன்றாவது, அச்சுப் பூட்டு. சாதாரண அச்சிலே ஒரு சில்லுச் சேற்றில் வழுக்கினால், வலுவெல்லாம் அந்தச் சில்லை வீணே சுழற்றுவதிற் கழிந்துவிடும். பிடிமானமுள்ள மற்றைச் சில்லு அசையாது நிற்கும். பூட்டு இரண்டையும் ஒன்றாய்ப் பிணைத்துச் சுழலச் செய்கின்றது.

இத்துறையில் முன்னோடியாக நிற்பது போர்ட் எஃப்-150 ராப்டர். 2010ஆம் ஆண்டு மாதிரியாக அது வெளிவந்தது. 2021ஆம் ஆண்டு மாதிரியிலே பின்புறத்து இலைவில்லை நீக்கிச் சுருள்வில்லை அமைத்தனர். அதனாற் பின்சில்லுகள் பள்ளமேடுகளுக்கு இசைந்து கூடுதலாக ஏறியிறங்கும் ஆற்றலைப் பெற்றன. அதே ஆண்டு மாதிரியாக ராம் 1500 டி.ஆர்.எக்ஸ். 702 குதிரைவலுவுடன் போட்டிக்கு வந்தது. ஷெவ்ரொலே சில்வராடோ இசட்.ஆர்.2 என்பது 2022ஆம் ஆண்டு மாதிரி. முன்னச்சு, பின்னச்சு ஆகிய இரண்டிற்கும் பூட்டுடையது. மணல்வெளியில் விரைந்தோட முதலிரண்டும், பாறைகளுக்கிடையே மெல்ல ஊர்ந்தேற மூன்றாவதும் ஏற்றவை எனலாம்.

இனி உயிர்காப்பைப் பார்ப்போம். அமெரிக்காவிலே காப்புறுதிக் கம்பனிகளின் பொருளுதவியால் நடைபெறும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவகம் 2012ஆம் ஆண்டிலே ஒரு கடுமையான சோதனையைத் தொடங்கியது. மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்திலே வாகனத்தின் முன்னகலத்தில் நான்கிலொரு பங்கு மாத்திரம் அசையாத தடையொன்றில் மோதும்படி செய்வதே அச்சோதனை. மரத்திலோ கம்பத்திலோ ஓரமாக மோதும் விபத்தை அது ஒத்தது. அவ்வாறு மோதும்போது, வாகனத்தின் நடுவேயுள்ள வலிய சட்டங்கள் தாக்கத்தை ஏற்பதில்லை. முன்சில்லே சாரதியின் காலடிக்குள் தள்ளப்படுகின்றது.

2015ஆம் ஆண்டு எஃப்-150 வாகனத்தின் இருவகைக் கூடுகளும் இச்சோதனைக்கு உட்பட்டன. நான்கு முழுக்கதவுகளையுடைய பெரிய கூடு ‘நன்று’ என்னும் உயர்ந்த மதிப்பைப் பெற்றது. அதே பெயர், அதே ஆண்டு, அதே அலுமினிய உடல். ஆயினும் சிறிய பின்னிருக்கையுடைய கூடு அதற்கு இருபடி கீழான மதிப்பையே பெற்றது. காரணம் யாது? சில்லு உள்ளே புகாமற் தடுக்கும் உறுப்புக்களைக் கம்பனி பெரிய கூட்டுக்கு மாத்திரம் பொருத்தியிருந்தது. அடுத்த ஆண்டில் அவை சிறிய கூட்டுக்கும் பொருத்தப்பட்டன. அதுவும் ‘நன்று’ ஆயிற்று. சில உருக்குத் துண்டுகளே சாரதியின் கதியை மாற்ற வல்லன என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. ஆதலால் வாகனத்தின் பெயரை மாத்திரம் நம்பாது, எந்தக் கூடு, எந்த ஆண்டு என்பவற்றையும் வாங்குவோர் விசாரித்தறிதல் வேண்டும்.

முன்னிருக்கையோடு விசாரணை முடிந்துவிடுவதுமன்று. 2022ஆம் ஆண்டிலே அந்நிறுவகம் தன் மற்றொரு முன்மோதற் சோதனையிற் பின்னிருக்கையிலும் ஒரு பொம்மையை அமர்த்திப் பார்க்கத் தொடங்கியது. முன்னிருப்போரை நன்கு காத்த பெரிய பிக்கப்புகள் அதிற் பின்தங்கின. பிள்ளைகளுக்கென வாங்குவோர் இதனை மறத்தலாகாது.

மலையேறும் வலிமைக்கும் உயிர்காப்புக்கும் இடையே உட்பகை ஒன்றும் உண்டு. தரையிலிருந்து உயர உயரப் பாறையைக் கடத்தல் எளிதாகின்றது. ஆனாற் புவியீர்ப்பு மையமும் உடனுயர்வதால் வளைவிலே கவிழும் அபாயம் மிகுகின்றது. ராப்டர் போன்றவை அகலத்தையும் கூட்டி இதனை ஓரளவு ஈடுசெய்கின்றன. வாங்கிய பின்னர்த் தாமாக வில்லை உயர்த்திப் பெரிய ரயர் பூட்டுவோரோ அந்தச் சமநிலையைக் குலைக்கின்றனர். சோதிக்கப்பட்ட வாகனம் வேறு. அவர்கள் செலுத்தும் வாகனம் வேறு.

உயரமும் பாரமும் பிறருக்கு இழைக்கும் தீங்கையும் எண்ணுதல் தகும். கனத்த வாகனம் மெல்லிய காரோடு மோதினாற் காரிலிருப்போரே பெரிதும் துன்புறுவர். முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயர்ந்து சரிந்த மூக்குடையவற்றிலும், பாதசாரிகள் மேல் மோதும்போது உயிரிழப்பை விளைவிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகமென அதே நிறுவகம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. அமெரிக்காவின் பெரிய பிக்கப்புகள் பல அவ்வுயரத்தைத் தாண்டியவை.

அப்படியானால் அந்தப் பண்ணைக் குடும்பம் எதைத் தெரிதல் வேண்டும்? நாள்தோறும் பாறையில் ஏறுவோருக்கு இரண்டு பூட்டுடையது தகும். வாரத்தில் ஒருநாட் சேற்றுக்கு, பின்னச்சுப் பூட்டும் நல்ல ரயரும் கொண்ட சாதாரண நான்குசில்லு இயக்க வாகனமே பெரும்பாலும் போதும். சேற்றிற் புதைந்த வாகனத்தை அயலவரின் உழவியந்திரம் இழுத்தெடுத்துவிடும். நெடுஞ்சாலையில் இழந்த உயிரை மீட்டெடுக்கும் இயந்திரம் எங்குமில்லை.