கிருமியைக் காக்கும் குட்டிப் புரதங்கள்



ஜீம்சா சாயம் ஏற்றிய ரத்தத் தடவலை நுண்ணோக்கியில் வைத்து மாணவர்களுக்குக் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. சிவப்பணுவுக்குள் வளர்ந்து நிற்கும் மலேரியாக் கிருமியின் நடுவே கரும்பழுப்பாக ஒரு துணுக்கு தெரியும். “அழுக்கா சார்?” என்று யாராவது கேட்பார்கள். அழுக்கில்லை, அது கிருமி சாப்பிட்ட மிச்சம். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமியை அடையாளம் கண்டதும் இந்த நிறமியை வைத்துத்தான்.

கிருமியின் உணவு நம் ஹீமோகுளோபின். புரதத்தைச் செரித்தபின் இரும்புள்ள ஹீம் மிஞ்சுகிறது. அது கிருமிக்கே நஞ்சு. அதனால் அதைப் படிகமாக இறுக்கி ஒதுக்கிவிடுகிறது. அப்படி ஒதுக்குவதற்குள் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிவிடும். புண்ணில் அதை ஊற்றினால் நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நம் ரத்தத்திலுள்ள கேட்டலேஸ் என்னும் நொதி அதை உடைப்பதால் வரும் நுரை அது. மலேரியாக் கிருமியிடம் கேட்டலேஸ் கிடையாது! அப்படியானால் எப்படிப் பிழைக்கிறது?

இங்கேதான் நான் சொல்ல வந்த தயோரெடாக்சின் வருகிறது. நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு புரதம். வேலை செய்வதெல்லாம் அதன் இரண்டு சிஸ்டீன்கள்தான், அவற்றிலுள்ள கந்தகம்தான். பெராக்சைடை நீராக்கும் நொதிக்கு எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டு, இரண்டு கந்தகமும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். ரிடக்டேஸ் என்ற இன்னொரு நொதி புது எலெக்ட்ரான் தந்து பிணைப்பை அவிழ்த்துவிடும். உடனே அடுத்த சுற்று. வாளி கைமாற்றித் தீயணைக்கிறார்களே, அப்படி.

குளுடாரெடாக்சின் என்னும் புரதம் தயோரெடாக்சினுக்கு உறவு. இந்தக் குடும்பத்தில் பிளாஸ்மோரெடாக்சின் என்று ஒன்று மலேரியாக் கிருமிகளிடம் மட்டுமே உண்டு. ஜெர்மனியில் ஆய்வாளர் காத்யா பெக்கரின் குழுவினர் இதை 2003-இல் அறிவித்தார்கள். மருந்துக்கு நல்ல குறி என்றுதானே தோன்றும்? ஆனால் எலிகளைத் தாக்கும் மலேரியாக் கிருமியில் அதன் மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, கிருமி பிழைத்துக்கொண்டது.

நேரமாகிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தயோரெடாக்சினுக்கு எலெக்ட்ரான் தரும் அந்த ரிடக்டேஸ் நம் உடலிலும் உண்டு. நம்முடையதன் வினைமையத்தில் செலினியம் இருக்கிறது. மனிதரைத் தாக்கும் ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமியினுடையதில் அந்த இடத்தில் கந்தகமே. அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, நம் செல்களைத் தொடாமல் கிருமியின் நொதியை மட்டும் முடக்கும் மருந்து வரும் என்று உறுதியாக நம்புகிறேன்.