காத்திருப்பும் ஒரு கணக்கே!

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு, உங்கள் ஒப்புதலையும் பெற்றுவிட்டன. அதே மேடையில் இன்னொரு கணக்கைப் பற்றி நாம் சிறிது பேசக் கடமைப்பட்டுள்ளோம். அரசு மருத்துவமனைகளில் நம் மக்கள் காத்திருக்கும் நாட்களின் கணக்கு அது. பொதுமக்கள் பார்வைக்கு இதுவரை வைக்கப்படாத கணக்கும் அதுவே.

விபத்து, மாரடைப்பு, பிரசவம் போன்ற அவசரங்களைப் பற்றி இங்கே நாம் பேசப் போவதில்லை. அவற்றுக்கு 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்ட 108 ஆம்புலன்ஸ் உள்ளது. நாம் பேச வந்தது கண்புரை, குடலிறக்கம், மூட்டுவலி, சர்க்கரை, இரத்த அழுத்தம், ஒரு ஸ்கேன் போன்ற வழக்கமான சிகிச்சைகளைப் பற்றி. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்பதால் தேதி தள்ளிப் போடப்படுபவை இவைதாம்.

ஆனால் தள்ளிப் போடுவதற்கும் விலை உண்டு. கண்புரையோடு ஆறு மாதம் காத்திருக்கும் தையல்காரர் அந்த ஆறு மாத வருமானத்தையும் இழக்கிறார். சர்க்கரை நோயாளியின் காலில் தோன்றும் சிறு புண் கவனிக்கப்படாமல் நாட்கள் கடந்தால், விரலையோ காலையோ எடுக்கும் நிலை வரலாம். காத்திருந்து சலித்தவர் வீட்டு நகையை அடகு வைத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார். அந்தக் கடன் பின்னர் பைத்துல்மாலுக்கு ஒரு மனுவாக வந்து சேர்கிறது. எனவே மருத்துவமனை வரிசை நம் ஜமாஅத்தின் கணக்குப் புத்தகத்துக்கும் தொடர்புடைய செய்தியாகும்.

மூன்று ஊர்கள், ஒரே நோய்

1993ஆம் ஆண்டு பழைய தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டுக் கடலூர் மாவட்டம் உருவானது. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வாழ்வோர் 26 இலட்சம் பேர். கிழக்கே வங்கக் கடற்கரையிலிருந்து மேற்கே திட்டக்குடி, வேப்பூர் வரை மாவட்டம் நீண்டு கிடக்கிறது.

மருத்துவ வசதிகளோ அவ்வாறு பரவியிருக்கவில்லை. மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை கடலூரில் உள்ளது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சிதம்பரத்தில் உள்ளது. 1985ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட அது, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அரசின் பொறுப்புக்கு வந்தது. 2021ஆம் ஆண்டு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. ஒரே மாவட்டத்தில் இரண்டு நகரங்களில் இரண்டு பெரிய மருத்துவமனைகள் இருப்பது நற்பேறே. எனினும் இரண்டுமே மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அமைந்திருப்பதை நாம் மறந்துவிடலாகாது.

இனி, ஒரே வயதினர் மூவருக்குக் குடலிறக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நெல்லிக்குப்பத்தில் வசிக்கிறார். இன்னொருவர் லால்பேட்டையில், மூன்றாமவர் மங்கலம்பேட்டையில்.

நெல்லிக்குப்பத்தாருக்குக் கடலூர் தலைமை மருத்துவமனை அருகிலேயே உள்ளது. அங்கே தேதி கிடைக்கத் தாமதமானால் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. 1823ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த அந்நிறுவனம், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் எனும் தகுதி பெற்றது. கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். சிதம்பரமோ அதைப்போல இரு மடங்குக்குச் சற்றுக் குறைவான தொலைவு. ஆக, கடலூர்வாசிக்குத் தன் மாவட்டத்து மருத்துவக் கல்லூரியைவிட அடுத்த ஆட்சிப்பகுதியின் மருத்துவமனையே அருகில் உள்ளது.

லால்பேட்டையார் காட்டுமன்னார்கோவில் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே இயலாதெனில் சிதம்பரம் போகலாம். ஆனால் கொள்ளிடத்துக்கு அப்பாலிருந்தும் மக்கள் சிதம்பரத்தை நாடி வருவதால், அந்த வரிசை நம் மாவட்டத்தாரின் வரிசை மட்டுமன்று.

மங்கலம்பேட்டையார் விருத்தாசலம் அரசு மருத்துவமனையை நம்பியிருக்கிறார். அங்கே உரிய சிறப்பு மருத்துவர் இல்லாத நாளில் "மேல் சிகிச்சைக்கு" என்று சீட்டு எழுதப்பட்டால், கடலூரா, சிதம்பரமா, விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கமா என்று அவர் யோசிக்க வேண்டும். எதுவாயினும் விடியற்காலைப் பேருந்து. உடன் வருபவருக்கும் ஒரு நாள் கூலி இழப்பு. 2022ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சியிலும் அரியலூரிலும் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டமை மேற்குப் பகுதியினருக்கு ஓரளவு ஆறுதலாகும்.

நோய் ஒன்று, நாடு ஒன்று, மாவட்டமும் ஒன்று. வேறுபாடு முகவரியில் மட்டுமே. காத்திருப்பு பதிவுச் சீட்டு வாங்கும் வரிசையில் தொடங்குவதில்லை. வீட்டு வாசற்படியிலேயே தொடங்கிவிடுகிறது. 2021ஆம் ஆண்டு முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது பயணச் செலவைக் குறைத்ததேயன்றிப் பயண நேரத்தைக் குறைக்கவில்லை.

வரிசை ஏன் நீள்கிறது?

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். புறநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவர் காலையில் நான்கு மணி நேரம், அதாவது 240 நிமிடம் அமர்கிறார். வந்திருப்போர் 120 பேர் என்றால் ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். எல்லாரும் எட்டு மணிக்கே வந்துவிட்டால், கடைசியில் நிற்பவர் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் கடைசி மனிதர் யார்? பெரும்பாலும் தொலைவூரிலிருந்து பேருந்து மாறி வந்தவரே. அதிகம் பயணித்தவரே அதிகம் காத்திருக்கவும் நேர்கிறது.

அறுவை சிகிச்சைக்கான காத்திருப்போ வேறு விதமானது. ஓர் அறுவை அரங்கில் வாரத்துக்குப் பத்துப் பேருக்குச் சிகிச்சை செய்ய முடியும். ஆனால் வாரந்தோறும் பன்னிரண்டு பேர் பதிவு செய்கிறார்கள் எனக் கொள்வோம். குறைவது இருவர்தானே என்று தோன்றும். ஓராண்டு முடிவில் காத்திருப்போர் 104 பேர் ஆகிவிடுவர். அன்று புதிதாகப் பதிவு செய்பவருக்குப் பத்து வாரங்களுக்கு மேல் தேதி கிடைக்காது. அடுத்த ஆண்டு அது இருபது வாரமாகும். வாரத்துக்கு இரண்டு அறுவை சிகிச்சைகளைக் கூடுதலாகச் செய்யும் ஊரில் இந்த வரிசையே உருவாகியிருக்காது. மயக்க மருந்து நிபுணர் பணியிடம் ஒன்று காலியாக இருப்பதும் நிரப்பப்படுவதும் இரு ஊர்களுக்கிடையே மாதக் கணக்கில் வேறுபாட்டை உண்டாக்கிவிடும் என்பது இதனால் விளங்கும். ஆகவே வரிசையின் நீளத்துக்கு அங்கே பணியாற்றும் மருத்துவரையும் செவிலியரையும் கடிந்துகொள்வது நியாயமாகாது. இல்லாத மருத்துவருக்கான சுமையையும் இருப்பவரே சுமக்கிறார்.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒரு சுரங்கக் கிராமத்தில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் எனும் மருத்துவர், 1971ஆம் ஆண்டு இது குறித்து ஒரு கட்டுரை எழுதினார். எங்கே மருத்துவத்தின் தேவை மிகுதியோ அங்கேதான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. அதைத் தலைகீழ் விதி என்று மருத்துவ உலகம் இன்றும் குறிப்பிடுகிறது. திட்டக்குடிக்கும் அது பொருந்தும்.

எண்ணப்படுவதே சீராகும்

தமிழக அரசு 1994ஆம் ஆண்டு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கியது. மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனையும் எவ்வளவு எடுத்தது என்பதைப் பாஸ்புத்தகத்தில் பதிவு செய்யும் முறை வந்தது. எங்கே இருப்பு குறைகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்ததால் சிற்றூர் மருத்துவமனைக்கும் மருந்து போய்ச் சேர்ந்தது. பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. மாத்திரையை எண்ணியவர்களால் காத்திருப்பையும் எண்ண முடியாதா என்பதே நம் கேள்வி.

பிரிட்டனில் எண்ணுகிறார்கள். இங்கிலாந்தில் வழக்கமான சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் 92 சதவீதத்தினருக்கு 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது விதி. அருகிலுள்ள வேல்ஸில் இலக்கு 26 வாரம். எந்த நிர்வாகத்தின் கீழ் எத்தனை பேர் எத்தனை வாரம் காத்திருக்கிறார்கள் என்பதை மாதந்தோறும் வெளியிடுகிறார்கள். அங்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2016ஆம் ஆண்டுக்குப் பின் அந்த இலக்கு தவறியது. 2022ஆம் ஆண்டில் காத்திருப்புப் பட்டியல் 70 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் தவறியது என்று ஊர் அறியும். ஆட்சியாளர் பதில் சொல்ல நேரும். இங்கே தவறியதா என்பதையே நாம் அறிய வழியில்லை.

இது சலுகை கேட்பதன்று, உரிமை கேட்பது. 1992ஆம் ஆண்டு மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்பவர், ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டும் இடமில்லை என்று திருப்பப்பட்டு, இறுதியில் தனியார் மருத்துவமனையில் பணம் செலவழித்துச் சிகிச்சை பெற்றார். 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. நிதியில்லை என்று கூறி அரசு தன் அரசியலமைப்புக் கடமையிலிருந்து விலக முடியாது என்றும், எந்த மருத்துவமனையில் படுக்கை உள்ளது என்பதை ஓரிடத்தில் அறியும் ஏற்பாடு வேண்டும் என்றும் கூறியது. அது அவசர சிகிச்சை வழக்கு. எனினும் "எங்கே இடம் இருக்கிறது என்பது தெரிய வேண்டும்" என்ற கருத்து, வழக்கமான சிகிச்சைக்கும் ஏற்றதே.

மருத்துவமே மக்களிடம் போனால் வரிசை குறையும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1976ஆம் ஆண்டு மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2003ஆம் ஆண்டு முதல் கடலூர் சாலையில் தவளக்குப்பத்திலும் இயங்குகிறது. ஊர்களில் முகாம் நடத்தி, கண்புரை உள்ளவர்களை வாகனத்தில் அழைத்துச் சென்று, சிகிச்சைக்குப் பின் திருப்பி அனுப்பும் முறை அவர்களுடையது. அரசும் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி, சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்க வழி செய்தது. ஒருவர் வீட்டில் மருந்து பெற்றால் பெரிய மருத்துவமனையின் வரிசையில் ஓரிடம் மிச்சமாகிறது.

நாம் செய்யக் கூடியவை

முதலாவதாக, மாதாந்திர மருந்துக்கும் வழக்கமான பரிசோதனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் தாலுகா மருத்துவமனையையும் முதலில் நாடுவோம். சிதம்பரத்தில் இருப்போர் காமராஜர் அரசு மருத்துவமனையையும் நினைவில் கொள்ளட்டும். சளி, காய்ச்சலுக்கெல்லாம் மருத்துவக் கல்லூரிக்குப் போனால் நாமே நம் வரிசையை நீட்டியவர்களாவோம்.

இரண்டாவதாக, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை நோய் வருமுன்பே பெற்று வைப்போம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் அதற்குத் தகுதி உடையவை. அட்டைக்காகக் காத்திருப்பது நோயாளிக்கு இரண்டாவது காத்திருப்பாகும்.

மூன்றாவதாக, ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைப்போம். நோயாளியின் பெயர் வேண்டாம். ஊர், சிகிச்சையின் வகை, முதலில் சென்ற நாள், கொடுக்கப்பட்ட தேதி, சிகிச்சை நடந்த நாள், போக்குவரத்துச் செலவு, இழந்த கூலி ஆகிய இவை போதும். ஓராண்டு எழுதினால் எந்தச் சிகிச்சைக்கு எங்கே தாமதம் என்பது தானே புலப்படும்.

நான்காவதாக, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் கட்டணத்தில், விருத்தாசலம், திட்டக்குடி மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்ட சிறப்பு மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை என்று கேட்போம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அப்பதிலையும் நம் பதிவேட்டையும் சேர்த்துத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் அளிப்போம். நம் கோரிக்கைகள் இரண்டே: ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் எந்தச் சிகிச்சைக்கு எத்தனை வாரம் என்று எழுதி வைக்க வேண்டும், சிறப்பு மருத்துவர்கள் குறித்த நாட்களில் மேற்குத் தாலுகாக்களுக்கு வந்து சிகிச்சை அளிக்க வேண்டும்.

இவை யாவும் நம் ஜமாஅத்தாருக்கு மட்டும் அன்று. வரிசையில் நமக்கு முன்னும் பின்னும் நிற்பவர்கள் நம் அண்டை அயலார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் சுனாமியின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர், பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு உணவு சமைத்து வழங்கியதை இம்மாவட்டம் அறியும். அன்று வந்தது ஒரே நாளில் எல்லார் கண்ணிலும் பட்ட பேரிடர். இன்று நாம் பேசுவது நாள்தோறும் சிறுகச் சிறுக நடப்பது. யார் கண்ணிலும் படாதது. அதைக் கண்ணில் படச் செய்ய ஒரு நோட்டுப் புத்தகமும், அதை எழுதப் பொறுமையுள்ள சில இளைஞர்களும் போதும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கோடு இந்தக் காத்திருப்புக் கணக்கும் வாசிக்கப்பட வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுத்துச் செல்லுங்கள். நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல இறைவன் விரைவில் நலம் அருள்வானாக!

வஸ்ஸலாம்.