பாதியில் நின்ற படிப்பும் திறந்தநிலைப் பள்ளியும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

1980களில் அசோக் லேலண்டும் டைட்டனும் ஓசூருக்கு வந்தது முதல் நம் மத்திகிரியைச் சுற்றி வேலைக்குப் பஞ்சமில்லை. ஆயினும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாத நம்மவர் பலர் நாற்பது வயதிலும் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலியாகவே நிற்கின்றனர். திருமணத்தோடு பள்ளியை விட்ட பெண்களோ கேட்கவும் கூச்சப்பட்டு இருந்துவிடுகின்றனர்.

இவர்களுக்கென்றே 1989இல் மத்திய அரசு தொடங்கியது தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.). பத்தாம் வகுப்பில் சேர 14 வயது நிறைந்திருந்தால் போதும். மேல் வரம்பு கிடையாது. எட்டாம் வகுப்புச் சான்று இல்லாதோர், அதற்குரிய அளவு படித்துள்ளதாகத் தாமே உறுதிமொழி தரலாம். ஆனேக்கல், அத்திப்பள்ளிப் பக்கம் படித்து, மாற்றுச் சான்றிதழ் வாங்காமலே எல்லை தாண்டி வந்தவர்களுக்கு இது பெரும் வசதி. பிறந்த தேதிக்கான சான்று அவசியம்.

சேர்க்கை இணையவழியே நடைபெறுகிறது. பாடநூல்களும் இணையத்தில் கிடைக்கின்றன. ஷிப்டு முடிந்து வந்து கைப்பேசியிலேயே படிக்கலாம். ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்தாண்டு செல்லும், ஆண்டுக்கு இரு முறை பொதுத்தேர்வு. தமிழிலும் உருதுவிலும் எழுதலாம் என்பது, வீட்டில் ஒரு மொழியும் வீதியில் மற்றொன்றுமாக வாழும் நமக்குச் சிறிய செய்தியன்று.

கணக்குக் கட்டாயமில்லை என்றதும் பலர் முகம் மலர்வதைக் காண்கிறேன். சற்றுப் பொறுங்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் செல்லும் எண்ணமுள்ளவர் கணக்கையும் அறிவியலையும் விட்டுவிட்டால், பிறகு பல பிரிவுகளில் அந்தக் கதவு திறக்காது. அரசுப் பணியை நாடுவோரும் எந்தச் சான்றிதழ் ஏற்கப்படும் என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். படிப்புத்தான் இணையத்தில், பொதுத்தேர்வை மையத்திற்கு நேரில் சென்றே எழுத வேண்டும். 'பணம் கட்டுங்கள், எழுதாமலே சான்றிதழ் வீட்டிற்கு வரும்' என்று கூறும் தரகரிடம் ஏமாறாதீர்கள். அந்தக் காகிதம் தொழிற்சாலையின் சரிபார்ப்பில் சிக்கினால், இருக்கும் வேலையும் போகும்.

நிர்வாகக் குழுவினரிடம் ஒரு கோரிக்கை. மதரஸா அறையை இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஆண்களுக்கும், முற்பகலில் பெண்களுக்கும் ஒதுக்கித் தாருங்கள். இணைய இணைப்புடன் ஒரு கணினி போதும். விண்ணப்பம் நிரப்பித் தரவும் கணக்குச் சொல்லித் தரவும் நம் பட்டதாரி இளைஞர்கள் முன்வர வேண்டும். பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பதிந்து கொள்ளலாம்.