தெரு பொதுவானால்தான் சிலை பொதுவாகும்



குழந்தைகளிடம் சாதி ஒழிப்பை எப்படிப் பேசுவது என்று சொல்லச் சொன்னீர்கள். நான் ஆசிரியர் இல்லை. எனக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், வீட்டில் ஒரு பழைய ஸ்கூட்டர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் சிலை தேடிப் போவோம். நாகர்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கே ஒரு உருவம் நின்றாலும் வண்டியை நிறுத்துவோம். பார்த்ததை அவள் நோட்டில் வரைவாள். எங்கள் விளையாட்டு அவ்வளவுதான்.

மணிமேடையில் கலைவாணர். 1908-இல் ஒழுகினசேரியில் பிறந்து, ஊரையே சிரிக்க வைத்தவர் என்றேன். "பிறவு ஏன் சிரிக்காம நிக்காரு?" என்று கேட்டாள். கன்னியாகுமரிக் கடலில் வள்ளுவர். 2000 சனவரி 1 அன்று திறந்த, கணபதி ஸ்தபதியின் 133 அடிச் சிலை. அவள் உயரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை, வலது கையின் மூன்று விரல்களைத்தான் எண்ணினாள். அறம், பொருள், இன்பம் என்று நானும் விரலை மடக்கிச் சொல்லிக் கொடுத்தேன்.

வேப்பமூட்டில் காமராசர் சிலையருகே நிற்கும்போது ஒரு பெரியவர் வந்தார். நல்ல மனிதர்தான். அவள் கன்னத்தைத் தட்டி, "நம்ம ஆளு, மக்ளே" என்றார். வண்டியில் வரும்போது பின்னாலிருந்து கேள்வி வந்தது: "அப்பா, நம்ம ஆளுன்னா ஆரு?"

தோழர்களே, இந்த மாவட்டத்தில் 'ஆளு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு குழந்தையின் காதில் சாதி வந்து விழுவது இப்படித்தான். அடியோடும் வசையோடும் வருவது அபூர்வம். பெரும்பாலும் அன்போடு, கன்னத்தைத் தட்டிக்கொண்டு வருகிறது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் மதியச் சோறு போட்டவரை ஒரு சாதியின் கணக்கில் எழுதிவிட்டால், அந்தச் சோற்றுக்கே பொருள் இல்லாமல் போகிறது. அவளிடம் நான் சொன்னது இதுதான்: "சோறு தின்ன பிள்ளைய எல்லாருக்கும் அவரு ஆளுதான்."

அன்று முதல் எங்கள் விளையாட்டில் மூன்று கேள்விகள் சேர்ந்துகொண்டன.

முதல் கேள்வி: இந்த இடத்துக்கு முன்பு யார் வர முடிந்தது? சுசீந்திரம் கோபுரத்தைத் தொலைவிலிருந்தே பார்க்கலாம். ஏழு நிலை, நிலைக்கு நிலை சுதைச் சிற்பம். இலவசமாகக் கிடைக்கும் கலை என்று நமக்குத் தோன்றும். ஆனால் அதன் அடியில் இருக்கும் தெருக்களில் நடக்க, 'அவர்ணர்' என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. 1926-இல் டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்று நடத்திய சுசீந்திரம் சத்தியாகிரகம் அந்தத் தெருவில் நடக்கும் உரிமையைத்தான் கேட்டது. திருவிதாங்கூரின் கோயில் நுழைவு அறிவிப்பு வர 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று என் மகள் அந்த ரதவீதியில் ஓடி விளையாடுகிறாள். அவள் ஓடும் இடம் போராடி வாங்கியது என்று அவளுக்குச் சொல்லியாக வேண்டும். நடக்கத் தெரு இல்லாதவனுக்குச் சிலை ஏது?

இரண்டாவது கேள்வி: இதைச் செய்தது யார்? அதற்கு மயிலாடிக்குப் போக வேண்டும். சாலையோரப் பட்டறைகளில் பாதி செதுக்கிய சாமிகள் கிடக்கும். "சாமிக்கு இன்னும் கண்ணு வரலியா?" என்று கேட்டாள். முகமெல்லாம் கல்தூசி அப்பியிருந்த அந்தச் சிற்பி சிரித்துவிட்டார். கண் திறந்து, கும்பாபிஷேகமும் முடிந்துவிட்டால், ஆகமக் கோயில்களில் அந்தக் கை தான் செய்த சிலையைத் தொட முடியாது. கருவறை வாசலோடு சரி. இதே மயிலாடியிலிருந்துதான், தீண்டாமைக்கு ஆளான சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் வேதமாணிக்கம், ரிங்கல்தௌபே என்ற மிஷனரியைத் தன் ஊருக்கு வரவழைத்தார். அந்த ஊரில் 1809-இல் ஒரு தேவாலயம் எழுந்தது. வாசலிலேயே நிற்கச் சொன்னவர்களுக்கு அவர் இன்னொரு வாசலைத் திறந்து பதில் சொன்னார்.

மூன்றாவது கேள்வி: யார் இல்லை? இதைக் கேட்டது அவள்தான். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் தாத்தாமாரா இருக்கு. அம்மாமாரு எங்க?" என்றாள். பெண்கள் இருந்தார்கள்: குருசடியில் மாதாவாக, கோயிலில் அம்மனாக. எங்கள் நோட்டில் ஏறிய தெருமுனைச் சிலைகளில் ஒன்றுகூட, இங்கே வாழ்ந்து உழைத்த ஒரு பெண்ணுடையது இல்லை. இது தோள்சீலைப் போராட்டம் நடந்த மண். மேலே துணி போட்டதற்காகச் சந்தையிலும் சாலையிலும் தாக்கப்பட்ட பெண்களின் மண். நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று 1859-இல் அரசு அறிவித்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை கூடவே வந்தது. 2023 மார்ச் 6 அன்று அந்தப் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு விழாவுக்கு இரண்டு மாநில முதலமைச்சர்கள் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். நல்லது. ஆனால் அந்தப் பெண்களின் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

எங்கள் பட்டியலில் அவளுக்குப் பிடித்த இடம் சாமிதோப்பு. தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட ஆண்களிடம், தலைப்பாகை கட்டிக்கொண்டு வாருங்கள் என்றவர் அய்யா வைகுண்டர். அங்கே பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடிதான் இருக்கிறது. அன்று அவள் நோட்டில் வரைந்தது தன்னைத்தான். பக்தியைப் பற்றி நமக்குள் ஆயிரம் கருத்து இருக்கலாம். ஆனால் தலைநிமிர விடாத ஒரு கூட்டத்துக்குத் தன் முகத்தையே காட்டிய அந்த ஏற்பாட்டை விடப் பெரிய பொதுக்கலையை நான் இந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் அம்பேத்கர் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார். நாளை என் மகள் ஏன் என்று கேட்பாள். அவரை உடைக்கிறவர்கள் வெளியே நடமாடுகிறார்கள், அதனால் அவர் உள்ளே நிற்கிறார் என்று மறைக்காமல் சொல்வேன்.

உங்களிடம் நான் கேட்பது சின்ன வேலைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர்ச் சிலைகளைப் பார்க்கப் போங்கள். இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "நம்ம ஆளு" என்று யாராவது வந்து சொல்வதற்கு முன்னால், அந்தக் கதையை நீங்கள் சொல்லி முடித்துவிடுங்கள்.