கால்வாய்க்குக் கவர்னர் பெயர், தோண்டியவர்களுக்கு?

(மரக்காணத்தில் நடந்த இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து கடலை ஒட்டியே சுமார் 420 கிலோமீட்டர் வரும் பக்கிங்காம் கால்வாய் நம் மரக்காணத்தில்தான் முடிகிறது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தனியார் கால்வாயாகத் தொடங்கியது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போயின.

கால்வாய் வடக்கு தெற்காக ஓடுகிறது. ஆறுகள் அதைக் குறுக்கே வெட்டிக் கடலுக்குப் போகின்றன. ஆற்று வெள்ளம் புகுந்தால் கால்வாய் தூர்ந்துபோகும். கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் இறங்கினால் படகு தரைதட்டும். அதற்காகக் கட்டியதுதான் 'லாக்'. இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி அது. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடுவார்கள். தண்ணீரை மெல்ல விட்டு, மட்டம் சமமானதும் முன்கதவைத் திறப்பார்கள். நல்ல பொறியியல்தான், மறுக்கவில்லை.

மண்ணை வெட்டியது யார்? 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அப்போது பஞ்ச நிவாரண வேலையாகத்தான் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் மேலிருந்து அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், 1877 ஜனவரியில் நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட ஓர் அணா. பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உயிரைக் காக்கப் போதாது என்று சண்டை போட்டார். அதன் பிறகுதான் கொஞ்சம் கூட்டினார்கள். 1878இல் கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைத்தார்கள்.

நிவாரண வேலைக்கு வந்தவர்கள் நிலமில்லாதவர்கள். இந்த வட்டாரத்தில் நிலமில்லாதவர் என்றால் பெரும்பாலும் சேரி மக்கள்தான். அவர்களுக்கு ஏன் நிலமில்லை? செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891இல் எழுதினார்: சேரி மக்கள் நிலம் பெறாதபடி மிராசுதார்கள் தடுக்கிறார்கள் என்று. 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்களும் யார் யார் கைக்குப் போயின என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பஞ்சத்தை மழை மட்டும் கொண்டுவரவில்லை. சாதி ஏற்கெனவே வயிற்றைக் காலி செய்து வைத்திருந்தது.

இன்றைக்கு வருவோம். சென்னை சேப்பாக்கத்தில் கால்வாயோரம் ஒரு குடியிருப்பு. பெயர் லாக் நகர். இப்படிக் கரையோரம் வாழ்பவர்களுக்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'ஆக்கிரமிப்பாளர்'. எத்தனையோ கரையோரக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கிப் போட்டார்கள். ஆனால் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டுப் பறக்கும் ரயில் விட்டது அரசுதான். அதற்குப் பெயர் வளர்ச்சி!

2008இல் இந்தக் கால்வாயைத் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவித்தார்கள். சீரமைப்பு பற்றி இனியும் பேசுவார்கள். பழைய லாக்குகளைப் பாரம்பரியச் சின்னம் என்பார்கள். பாதுகாக்கட்டும். ஆனால் நாம் மூன்று கேட்க வேண்டும்: எந்த லாக்கில் பெயர்ப்பலகை வைத்தாலும் பஞ்சக் கூலிகள் வெட்டியது என்று எழுது. கரையில் வாழ்பவர்களை அப்புறப்படுத்தாமல் திட்டம் போடு. திட்டம் போடும் மேசையில் அவர்களையும் இங்கே உப்பு வாருகிறவர்களையும் உட்கார வை.

450 கிராம் தானியத்துக்கு வெட்டிய கால்வாய் இது. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை, தோழர்களே.