ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் கடவுளானது எப்படி?

(திருவண்ணாமலைக் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நாம் ரோமாபுரிச் சரித்திரத்தைப் பற்றிப் பேசப் போவதாக நோட்டீசில் கண்டதும், "அண்ணாமலையார் கோபுரத்து நிழலில் நின்றுகொண்டு ரோமாபுரிப் பேச்சு எதற்கு? நம் ஊர்ச் சங்கதி தீர்ந்து போயிற்றா?" என்று சிலர் கேட்டதாக அறிகின்றோம். கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்லிவிட்டே மேலே போகின்றோம்.

நம் நாட்டுக் கடவுள்களைப் பற்றி எதையாவது கேட்டால், "அது அனாதி, தேதி கேட்பது பாவம்" என்று வாயை அடைத்து விடுகின்றார்கள். ரோமாபுரிக் கடவுள்களில் ஒரு கூட்டத்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவர்களுக்குப் பிறந்த தேதி உண்டு, செத்த தேதி உண்டு, கடவுளாக நியமனம் ஆன தேதியும் உண்டு. தீர்மானம் போட்ட சபையின் பெயர் உண்டு. "மேலே போனதைக் கண்ணால் கண்டேன்" என்று சத்தியம் செய்தவனின் பெயரும், அதற்கு அவன் வாங்கிய கூலியும் கூட எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. கடவுள் உற்பத்திக்கு இவ்வளவு சுத்தமான கணக்குப் புஸ்தகம் வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆகவேதான் படிக்க வேண்டும் என்கின்றோம். இதற்குக் காலேஜ் படிப்பு வேண்டியதில்லை. நாமும் காலேஜ் வாசலை மிதித்தவர்கள் அல்ல.

மேலும் அந்த ராஜாக்கள் நமக்கு முழு அந்நியர்களும் அல்ல. அவர்களுடைய முகங்கள் நம் மண்ணுக்குள்ளேயே புதைந்து கிடந்தன. கரூர், வெள்ளலூர், பொள்ளாச்சிப் பக்கங்களில் ரோமாபுரிக் காசுகள் குவியல் குவியலாய் அகப்பட்டிருக்கின்றன. இங்கிருந்து சுமார் 65 மைலில், புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945ஆம் வருஷம் வீலர் என்ற ஆங்கிலேயர் தோண்டியபோது, அவர்கள் நாட்டு மண் பாத்திரங்களும் ஒயின் ஜாடிகளும் துண்டு துண்டாய் வெளிவந்தன. எகிப்து தேசத்துச் செங்கடல் துறைமுகமொன்றில் கண்ணன், சாத்தன் என்று தமிழ் எழுத்தில் பெயர் கீறின பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கடல் தாண்டினால் தோஷம் என்று சாஸ்திரம் எழுதியவர்கள் எழுதிக்கொண்டே இருக்கட்டும். கண்ணனும் சாத்தனும் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்!

அவர்களுக்கு இங்கே என்ன வேலையென்றால், மிளகுதான். முத்தும் மெல்லிய துணியும் கூட வாங்கினார்கள் என்றாலும் முக்கியமானது மிளகு. வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொண்டு போகிறதென்று பிளினி என்ற ரோமாபுரிப் பண்டிதர் முதல் நூற்றாண்டிலேயே புலம்பி இருக்கிறார்.

இனி அந்த வெள்ளிக் காசுகளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நம் நாட்டில் மிக அதிகமாக அகப்படுபவை இரண்டே ராஜாக்களுடையவை. ஒருவர் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்ட அகஸ்டஸ். மற்றவர் அவருக்குப் பின் 37 வரை ஆண்ட டைபீரியஸ். அகஸ்டஸ் காசில் முகத்தைச் சுற்றி "கடவுளின் மகன்" என்று பொறித்திருக்கிறது. டைபீரியஸ் காசில் "கடவுளான அகஸ்டஸின் மகன்" என்றிருக்கிறது. இந்த டைபீரியஸ் ஆட்சியில்தான், இன்னொரு தேவகுமாரர் என்று சொல்லப்படும் ஏசுநாதர் சிலுவையில் அறையப்பட்டார். ஒரே ராஜ்யத்தில் ஒரே காலத்தில் இரண்டு கடவுள் மகன்கள்! ஒருவருக்குச் சிம்மாசனம், மற்றவருக்குச் சிலுவை.

அகஸ்டஸ் கடவுளுக்கு மகனான கதையைக் கேளுங்கள். அவருக்கு முதலில் ஆக்டேவியன் என்று பெயர். ஜூலியஸ் சீசருக்கு உடன்பிறந்தாள் வழிப் பேரன் முறை. சீசர் கி.மு. 44ஆம் வருஷம் மார்ச்சு 15ந் தேதி சபையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். உயிலைப் பிரித்தால் இந்தப் பையனைச் சுவீகாரம் செய்திருப்பதாகக் கண்டது. அப்போது இவருக்கு வயது 18. கையில் சேனை இல்லை. சொந்தமாய்ப் பதவி இல்லை. சீசர் என்ற பெயர் ஒன்றுதான் முதல். அந்த வருஷமே சீசர் ஞாபகார்த்தமாய் விளையாட்டு விழா நடத்துகையில் வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் தோன்றிற்று. அதுதான் சீசருடைய ஆத்மா, மேலே போகிறது என்று ஜனங்கள் நம்பினார்கள். பையனும் அதைச் சீசர் சிலையின் தலைமேல் வைத்து நிலைநிறுத்திக் கொண்டார். கி.மு. 42ல் செனட் சபை கூடிச் சீசரைக் கடவுள் என்று தீர்மானித்தது. அப்பா கடவுளானால் மகன் யார்? சேனை சேர்ந்தது, எதிரிகள் ஒழிந்தார்கள், ராஜ்யம் கைக்கு வந்தது. வால்நட்சத்திரம் தன்பாட்டுக்குப் போய்விட்டது.

இதே அகஸ்டஸ் கி.பி. 14ல் இறந்தார். அவரையும் கடவுளாக்க வேண்டுமே! சிதையிலிருந்து அவர் சொர்க்கத்துக்கு ஏறியதைக் கண்டதாக நுமேரியஸ் அட்டிகஸ் என்ற செனட்டர் சத்தியம் செய்தார். அவருக்கு ராஜாவின் மனைவி லிவியா 10 லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்ததாக டியோ காஸியஸ் என்ற சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு சிப்பாயின் வருஷச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,100 சிப்பாய்கள் ஒரு வருஷம் வெயிலிலும் பனியிலும் நின்று வாங்கும் கூலியை, இவர் ஒரு தடவை அண்ணாந்து பார்த்ததற்கு வாங்கிவிட்டார். நம் ஊரில் "சொப்பனத்தில் சாமி வந்தது" என்று சொல்லி உண்டியல் வைக்கின்றவர்கள் இவருக்கு முன் சில்லறை வியாபாரிகள்.

வழி திறந்த பிறகு கூட்டத்துக்குக் கேட்பானேன்? 38ஆம் வருஷம் காலிகுலா என்னும் சக்கரவர்த்தியின் தங்கை இறந்தாள், அவளும் தேவியானாள். அதற்கும் ஒரு செனட்டர் சாட்சி வந்தார், அவருக்கும் சன்மானம் கிடைத்தது. 54ஆம் வருஷம் கிளாடியஸ் இறந்தார். மனைவியே காளானில் விஷம் வைத்துக் கொன்றாள் என்பது அந்தக் காலத்து எழுத்தாளர்களின் சொல். அவளுடைய மகன் நீரோ பட்டத்துக்கு வந்தவுடன் செத்தவரைக் கடவுளாக்கினான். காளான் தேவர்களின் ஆகாரந்தான், அதைத் தின்றுதானே என் தகப்பனார் தேவரானார் என்று பின்னால் அவனே வேடிக்கை பேசினானாம். இதில் இன்னொரு ரசமும் உண்டு. அன்றைக்கு நீரோ படித்த இரங்கல் பிரசங்கத்தை எழுதிக் கொடுத்தவர் செனிகா என்ற தத்துவ ஞானி. கிளாடியஸ் கடவுளாகவில்லை, சுரைக்காயாகத்தான் ஆனார் என்று பரிகாச நூல் எழுதினவரும் அவரே! பகிரங்கத்தில் ஸ்தோத்திரம், அந்தரங்கத்தில் சிரிப்பு. நம் ஊர்ப் படித்தவர்கள் சிலருடைய ஞாபகம் உங்களுக்கு வந்தால் அதற்கு நாம் ஜவாப்தாரியல்ல.

வெஸ்பேசியன் ஒருவர் கொஞ்சம் யோக்கியர். 79ல் சாகும்போது, நான் கடவுளாகிக் கொண்டிருக்கிறேன் போலிருக்கிறதே என்று தம்மைத் தாமே கேலி செய்து கொண்டாராம். அவர் மகன் டொமீஷியனோ உயிரோடிருக்கும்போதே தன்னைக் கடவுள் என்று அழைக்கச் சொன்னான். 96ல் அரண்மனைக்குள்ளேயே அவனைக் கொன்றார்கள். அதே செனட் சபை, கல்வெட்டுகளிலிருந்து அவன் பெயரைச் செதுக்கி எறிய உத்தரவு போட்டது. ஆக்கவும் சபை, நீக்கவும் சபை!

இனி நமக்கு மிகவும் வேண்டிய சங்கதி. பழைய ரோமாபுரித் தேசப் படம் ஒன்றின் நகல் வியன்னா நகரத்தில் இருக்கிறது. அதில் நம் மேற்குக் கரையில், முசிறிப் பட்டணத்துக்குப் பக்கத்தில், அகஸ்டஸ் கோயில் என்று ஒரு கட்டடம் வரைந்து காட்டியிருக்கிறது. மிளகு வாங்க வந்தவர்கள் தங்கள் ராஜக் கடவுளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் போலும்! அந்தக் கோயிலில் ஒரு செங்கல்லைக் கூட இதுவரை யாரும் கண்டெடுக்கவில்லை. 391, 392ஆம் வருஷங்களில் தியோடோசியஸ் என்ற கிறிஸ்தவச் சக்கரவர்த்தி பழைய பூசைகளைச் சட்டம் போட்டு நிறுத்தினார். சக்கரவர்த்தி உத்தரவில் உண்டான கடவுள்கள் சக்கரவர்த்தி உத்தரவிலேயே ஒழிந்தார்கள். எந்த மலையும் இடியவில்லை, எந்தக் கடலும் பொங்கவில்லை.

நம் ஜனங்கள் அந்தக் கடவுள் முகங்களை என்ன செய்தார்கள் என்பது இன்னும் ருசிகரமானது. 1898ஆம் வருஷம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 501 ரோமாபுரித் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் அகப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின்மேல் உளியால் ஒரு வெட்டு! மறுபடி நாணயமாய்ச் செல்லாதபடி செய்வதற்கே அப்படி வெட்டினார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகின்றார்கள். வேறு இடங்களில் கிடைத்த சில காசுகளில் ஓட்டை போட்டோ வளையம் வைத்தோ கழுத்தில் கட்டியிருக்கின்றார்கள். வெட்டினவனும் சரி, அணிந்தவளும் சரி, கடவுள் மகனுக்குக் கன்னத்தில் போட்டுக் கொண்டதாகத் தெரியவில்லை. தங்கம் நல்ல தங்கமா என்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இதனால் ரோமாபுரி சமதர்ம பூமி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அடிமைகள் முதுகின்மேல் கட்டின ராஜ்யம் அது. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் கி.மு. 73ல் அடிமைகள் கிளம்பினார்கள், 71ல் அடக்கப்பட்டார்கள். பிடிபட்ட 6,000 பேரைக் கபுவாவிலிருந்து ரோமாபுரி வரை சாலையோரம் சிலுவையில் தொங்கவிட்டார்கள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். விடுதலை பெற்ற அடிமையின் மகன் பெர்டினாக்ஸ் 193ல் அந்த ராஜ்யத்துக்கே சக்கரவர்த்தியானான். 212ல் கரகல்லா என்ற கொடியவன், வரி வசூலுக்காகத்தான் என்று டியோ சொன்ன போதிலும், அடிமையல்லாத அத்தனை பேருக்கும் ஒரே உத்தரவில் பிரஜா உரிமை கொடுத்தான். இங்கே பறையனாய்ப் பிறந்தவனை விடுவிக்க எந்த எஜமானன் பத்திரம் எழுதிக் கொடுக்க முடியும்? கோயில் பிரவேசச் சட்டம் 1947ல் வந்தது. நம் ஜில்லாவிலேயே, தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில், ஆதிதிராவிடத் தோழர்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால் வைத்தது 2023ஆம் வருஷம் ஜனவரி 30ந் தேதி. அதுவும் அதிகாரிகளும் போலீசும் துணைக்கு வந்த பிறகு. சென்னையிலிருந்து தென்முடியனூருக்கு ஒரு சட்டம் நடந்து வர 76 வருஷம்!

இப்போது நம் ஊர்க் கோபுரத்துக்கே வருவோம். வல்லாள மகாராஜன் கதை தெரியாதவர்கள் இந்த ஊரில் இல்லை. அவர் பெயரில் கோபுரமே இருக்கிறது. அருணாசல புராணம் சொல்லுவது என்ன? பிள்ளையில்லாத ராஜாவைச் சோதிக்கக் கடவுள் ஜங்கமர் வேஷத்தில் வந்து தாசி வேண்டுமென்று கேட்டாராம். அன்றைக்கு ஊரில் ஒரு தாசியும் அகப்படவில்லையாம். ராஜா கொடுத்த வாக்குத் தவறாமல் தன் இளைய மனைவியையே அனுப்பினானாம். அவள் தொட்டதும் கடவுள் குழந்தையாகிவிட்டாராம். அந்த உறவைக் கொண்டு இன்றைக்கும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் வல்லாளனுக்குத் திதி கொடுத்து வருகின்றார்.

சரித்திரம் என்ன சொல்லுகிறது? அவர் ஹொய்சள ராஜாவான மூன்றாம் வீரவல்லாளர். 1311லும் பிறகும் டில்லிப் படைகள் துவாரசமுத்திரத்தை அழித்ததால், இந்தத் திருவண்ணாமலையை இருப்பிடமாய்க் கொண்டு ஆண்டவர். 1342 வாக்கில், கிழப் பருவத்தில், மதுரைச் சுல்தானோடு சண்டை போட்டுப் பிடிபட்டார். பொருளைப் பறித்துக்கொண்டு அவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். அதைத் தாமே பார்த்ததாக மொராக்கோ தேசத்து யாத்திரிகர் இபின் பதூதா எழுதியிருக்கிறார். அந்தச் சுல்தான் இவருக்குச் சகலை. ஆதலால் விரோதத்தால் எழுதினார் என்று சொல்ல முடியாது. இதைக் கொண்டு ஒரு மதத்தாரைத் தூற்ற நாம் வரவில்லை. ஆறாயிரம் பேரைத் தொங்கவிட்டவர்கள் அந்த மதத்தார் அல்லவே!

நாம் கேட்பது வேறு. அங்கே ராஜா கடவுளுக்கு மகனானான். இங்கே கடவுள் ராஜாவுக்கு மகனானார். அந்த மகன், தகப்பன் தோல் சுவரில் தொங்கும்போது எங்கே போயிருந்தார்? சண்டைக்கு வராதவர் திதிக்கு மட்டும் தவறாமல் வருவானேன்? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. கதையாகவே வைத்துக் கொண்டாலும், ஜங்கமரிடம் அனுப்பப்பட்ட அந்தப் பெண்ணை, "அம்மா, உனக்குச் சம்மதமா?" என்று ராஜாவோ, கடவுளோ, புராணம் பாடின புலவரோ கேட்டார்களா? இந்தக் கதையைப் பக்தியோடு கேட்கும் தாய்மார்களே, உங்கள் மகளுக்கு இப்படி ஒரு மருமகன் வாய்த்தால் அவனை வீட்டுத் திண்ணையில் ஏற்றுவீர்களா?

ரோமாபுரிச் சரித்திரத்தைப் படிக்கும்போது ராஜாக்களின் பெயர்களை நெட்டுருப் போட வேண்டியதில்லை. சாட்சி யார், கூலி கொடுத்தது யார், லாபம் யாருக்கு என்று மூன்றைக் கேட்டுக்கொண்டே படியுங்கள். பிறகு இந்தக் கோயிலிலேயே நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றின் அச்சுப் பிரதியையும் எடுத்து, எந்த ராஜா எந்த வருஷம் எந்த நிலத்தை யாருக்கு எழுதி வைத்தார் என்று பாருங்கள். தேதி கேட்பது பாவம் என்பவர்களுக்கு, அவர்கள் கோயில் சுவரே தேதி சொல்லுகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதல் இதே இடத்தில் வாரம் ஒரு சக்கரவர்த்தி வீதம் படித்துப் பேசுவதாக ஏற்பாடு. முதலில் ஜூலியஸ் சீசர். பெண்களுக்கு முன் வரிசையில் இடம் உண்டு. கோயில் குருக்கள்மார் கேள்வி கேட்க வந்தாலும் நாற்காலி போடுவோம்.